கேட்டு ஏற்ற வேண்டிய விளக்கு

இங்கிலாந்தின் பழைய சந்தை ஊர்களில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கடைகள் அடைக்க இன்னும் நேரம் இருக்கும். கல் சுவர்களும் ஓட்டுக் கூரைகளும் கறுத்துப்போய், தெரு முழுக்கக் கடைகளின் வெளிச்சத்தை நம்பியே நிற்கும் வேளை அது. அப்படியொரு தெருவில் அடுத்தடுத்து மூன்று கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது மருந்துக் கடை. வாசலுக்கு மேலே பச்சைச் சிலுவை ஒளிர்கிறது. இரண்டாவது வீடு, மனை தரகர் அலுவலகம். முகப்பில் பெயர் எழுத்துகள் உள்ளிருந்து ஒளிர்கின்றன. மூன்றாவது உணவுக் கடை. கண்ணாடிக்கு உட்புறம், கடை திறந்திருப்பதைச் சொல்லும் எல்இடி எழுத்து சிவப்பும் நீலமுமாக மின்னுகிறது.

அந்தத் தெரு மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால் இந்த மூன்று விளக்குகளின் சட்டநிலையும் வேறு வேறு. மருந்து இங்கே கிடைக்கும் என்று காட்டும் பச்சைச் சிலுவை, அளவிலும் உயரத்திலும் வரம்பை மீறாதவரை, யாரிடமும் கேட்காமலே எரியலாம். தரகரின் எழுத்துகளுக்குக் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் ஏற்றினால் குற்றம். மூன்றிலும் கண்ணை அதிகம் உறுத்துகிற அந்த மின்னும் எழுத்தோ, கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தாறுமாறாகத் தெரியும். நான் இந்த விதிகளைப் பெரும்பாலும் மதிப்பவன். ஒரு தெருவின் இரவும் பொதுச்சொத்து, அதில் கை வைப்பவர் முதலில் ஊரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இவற்றின் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, இன்று எந்த இடத்தில் சறுக்குகிறது என்பதைப் பார்க்கலாம்.

விளம்பரப் பலகையைச் சட்டம் முதலில் தொட்டது அழகுக்காக அல்ல, தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக. 1880களில் லண்டன் வணிகர்கள் கூரைக்கு மேலே கம்பங்கள் நட்டு, வானத்தின் பின்னணியில் படிக்கும்படி பிரமாண்டமான எழுத்துகளை நிறுத்தினார்கள். புயலடித்தால் என்ன ஆகும் என்ற அச்சம் எழுந்தது. 1891இல் லண்டன் வான்பலகைச் சட்டம் வந்தது. புதிதாக வான்பலகை நிறுத்துவது தடை செய்யப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1893இல், ரிச்சர்ட்சன் எவன்ஸ் என்பவர் பொது விளம்பரங்களின் அத்துமீறலைத் தடுக்க ஒரு சங்கம் தொடங்கினார். அவருடைய குறை வேறு வகையானது. பலகை விழாமல் உறுதியாக நின்றாலும் அது காட்சியைக் கெடுக்கிறதே, அதைக் கேட்க ஆளில்லையா என்பது அது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் டோவர் குன்றின் மேல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் மாபெரும் விளம்பரம் ஒன்றை நிறுத்தியபோது அந்தக் குறை நாடு முழுதும் ஒலித்தது. டோவர் நகராட்சி நாடாளுமன்றத்துக்குப் போய்த் தனிச் சட்டம் வாங்கித்தான் அதை இறக்க முடிந்தது. 1907இல் வந்த விளம்பர ஒழுங்குமுறைச் சட்டம், பூங்காக்கள், உலாவுமிடங்கள், இயற்கைக் காட்சிகள் ஆகியவற்றைக் கெடுக்கும் விளம்பரங்களைத் தடுக்க உள்ளூராட்சிகளுக்கு அதிகாரம் தந்தது.

பாதுகாப்பு ஒன்று, சுற்றுப்புற நயம் ஒன்று. இந்த இரண்டு கவலைகளும் 1947ஆம் ஆண்டின் நகர ஊரகத் திட்டச் சட்டத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. இன்று இங்கிலாந்தில் நடப்பிலிருக்கும் 2007ஆம் ஆண்டு விளம்பரக் கட்டுப்பாட்டு விதிகளிலும் இவை இரண்டைத் தவிர மூன்றாவது அளவுகோல் கிடையாது. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் விதிகள் தனி. ஆனால் அங்கும் இதே இரட்டைக் கவலைதான்.

மூன்றாவது அளவுகோல் கிடையாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒளிரும் பலகைக்கு எதிராக அக்கம்பக்கத்தார் கவுன்சிலுக்கு எழுதும் கடிதங்களில் பாதி இங்கேதான் வீணாகும். 'இந்தத் தெருவுக்கு இன்னொரு பந்தயக் கடை தேவையில்லை', 'அந்தப் பெயரே அசிங்கம்', 'உள்ளூர்க் கடையின் வியாபாரம் படுத்துவிடும்' என்பதையெல்லாம் அதிகாரி கணக்கில் எடுக்கக் கூடாது. பலகை எதைப் பற்றியது என்பதை வைத்து மறுக்க முடியாது. அது எங்கே நிற்கிறது, எவ்வளவு பெரியது, எதைக் கொண்டு செய்தது, எப்படி ஒளிர்கிறது, எதை மறைக்கிறது, ஓட்டுநரின் கண்ணைக் கூச வைக்குமா, போக்குவரத்து விளக்கோடு குழம்புமா என்பவை மட்டுமே கேள்விகள். இந்தக் கட்டுப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. பலகையில் என்ன எழுதலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு திட்ட அலுவலரிடம் கொடுத்தால், நாளைக்கு எந்த மொழியில் எழுதலாம் என்ற கேள்வியும் அவர் மேசைக்குப் போகும்.

மரபுப் பாதுகாப்புப் பகுதி என்ற ஏற்பாடு இதற்கெல்லாம் பிறகு வந்தது. டங்கன் சாண்டிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறிய 1967ஆம் ஆண்டின் குடிமை நயச் சட்டம், தனித்தனிக் கட்டடங்களை மட்டுமல்லாமல் ஒரு தெருவை, ஒரு சதுக்கத்தை, ஒரு ஊரின் பழைய பகுதி முழுவதையும் காக்க வழி செய்தது. லிங்கன்ஷயரில் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய ஸ்டாம்ஃபர்ட் நகரம் அதே ஆண்டில் முதல் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 10,000 பகுதிகள் இருக்கின்றன.

சாண்டிஸ் 1957இலேயே சிவிக் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். அது செய்த ஒரு காரியம் ஒளிரும் பலகைகளைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு மிக நெருக்கமானது. நார்விச் நகரின் மக்டலன் தெருவை எடுத்துக்கொண்டு, கட்டட வடிவமைப்பாளர் மிஷா பிளாக்கின் ஒருங்கிணைப்பில், கடைக்காரர்களை ஒவ்வொருவராகச் சம்மதிக்க வைத்து, வண்ணம் மாற்றி, பொருந்தாத பலகைகளை இறக்கி, எழுத்துகளைத் திருத்தி, தெருவையே 1959இல் புதிதாகக் காட்டினார்கள். எந்தச் சட்டத்தையும் காட்டி மிரட்டவில்லை. வழக்கமான கடைத்தெரு ஒன்று, எதையும் இடிக்காமல், பலகையையும் வண்ணத்தையும் மட்டும் ஒழுங்கு செய்தால் எவ்வளவு மாறும் என்பதை நாடு கண்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே தெருவுக்குக் குறுக்கே மேம்பாலம் ஒன்றைக் கட்டினார்கள் என்பது அந்தக் கதையின் வேதனையான மீதி. பலகையைக் காத்த கவனம் பாலத்திடம் செல்லவில்லை.

இப்போது விதியின் உள்ளே போவோம். பொதுப்பேச்சில் எல்லோரும் திட்ட அனுமதி என்றே சொல்கிறோம். பலகைக்கு வேண்டியது உண்மையில் விளம்பர ஒப்புதல் என்ற தனி ஏற்பாடு. அது கிடைத்துவிட்டால் பலகைக்கென்று வேறு திட்ட அனுமதி தேவையில்லை. கடை முகப்பையே மாற்றினால் அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். கட்டடம் மரபுப் பட்டியலில் இருந்தால் பட்டியல் கட்டட ஒப்புதலும் வேண்டும். ஒரே ஆணி மூன்று மனுக்களைக் கேட்கக்கூடும்.

விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் மனுப் போடச் சொன்னால் நாட்டில் ஒரு கடையும் திறக்க முடியாது. ஆகவே விதிகளின் மூன்றாம் அட்டவணை, எவையெல்லாம் கேளாமலே ஒப்புதல் பெற்றவை என்று வகுப்பு வகுப்பாகப் பிரித்துச் சொல்கிறது. விளக்கில்லாத சாதாரணக் கடைப் பலகை ஐந்தாம் வகுப்பு. எழுத்தின் உயரம் முக்கால் மீட்டரைத் தாண்டாமல், தரையிலிருந்து 4.6 மீட்டருக்கு மேலே போகாமல் இருந்தால் மரபுப் பாதுகாப்புப் பகுதியிலும் அதை மாட்டலாம். மருந்துக் கடையின் சிலுவைக்குச் சலுகை இங்கேதான் வருகிறது: மருத்துவச் சேவையோ மருந்தோ கிடைக்கும் என்று சொல்லும் பலகை மட்டும் ஒளிரலாம். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடுகிறவருக்காகச் சட்டம் விட்டுவைத்த வெளிச்சம் அது.

ஒளிரும் கடைப் பலகைக்கு நான்காம் வகுப்பு. சாதாரணத் தெருவில் கடைக்காரர் இதன்படி கேளாமலே விளக்குப் பலகை வைக்கலாம். ஆனால் எழுத்துக்குப் பின்னாலிருந்து சுவரில் ஒளி படர வேண்டும்; அல்லது எழுத்து மட்டும் உள்ளிருந்து ஒளிர, பின்புலம் இருண்டிருக்க வேண்டும். முழுப் பலகையும் பளீரென்று எரிகிற ஒளிப்பெட்டிக்கு அங்கும் இடமில்லை. மரபுப் பாதுகாப்புப் பகுதிகள், தேசியப் பூங்காக்கள், சிறப்பு இயற்கை எழில் பகுதிகள் ஆகியவற்றில் இந்த நான்காம் வகுப்பே செல்லாது. அங்கே ஒவ்வொரு ஒளிரும் கடைப் பலகையும் மனுவோடுதான் வர வேண்டும். தடை என்று பலர் நினைக்கிறார்கள். தடை எங்கும் எழுதப்படவில்லை. கேட்டால் கொடுக்கலாம், கேட்காமல் ஏற்றக் கூடாது என்பதே விதி.

கேட்கும்போது அதிகாரி எதைப் பார்க்க வேண்டும்? மரபுக் கட்டடங்களும் பாதுகாப்புப் பகுதிகளும் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, அந்தப் பகுதியின் இயல்பையோ தோற்றத்தையோ காப்பது அல்லது மேம்படுத்துவது நல்லது என்பதில் தனிக் கவனம் செலுத்தச் சொல்கிறது. காப்பது என்றால் என்ன என்பது பெரிய வழக்காக 1992இல் பிரபுக்கள் அவை வரை போனது. கார்ட்மெல் என்ற சிற்றூரில் பாதிரியார் இல்லம் ஒன்றைக் கட்டுவது பற்றிய வழக்கு அது. பகுதிக்குத் தீங்கு நேராமல் இருந்தாலே காத்ததாகும், ஒவ்வொரு புதுக் காரியமும் பகுதியை மேலும் அழகாக்கியே தீர வேண்டும் என்பதில்லை என்று தீர்ப்பாயிற்று. ஒளிரும் பலகைக்கு மனுப் போடும் கடைக்காரருக்கு இந்தத் தீர்ப்பு பெரும் துணை. தெருவை நான் கெடுக்கவில்லை என்று காட்டினால் போதும்.

தெரு கெடுகிறதா என்பதை அந்தத் தெருவிடமே கேட்க வேண்டியிருக்கிறது. லண்டனின் பிக்காடிலி சதுக்கத்தில் 1908இல் பெரியே தண்ணீர் விளம்பரம் முதன்முதலாக மின்விளக்கில் ஒளிர்ந்தது. பின்னால் பொவ்ரில் வந்தது, சுவெப்ஸ் வந்தது, நியான் வந்தது. பாரிஸில் ஜார்ஜ் குளோட் 1910இல் காட்டிய நியான் குழாய் உலகப் பெருநகரங்களின் இரவையே மாற்றிய காலம் அது. இரண்டாம் உலகப்போர் இருட்டடிப்பில் அணைந்த பிக்காடிலி விளக்குகள் 1949இல் திரும்ப எரிந்தபோது, லண்டன் மக்கள் அதைப் போர் முடிந்ததன் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1965இல் சர்ச்சிலின் இறுதிச் சடங்கன்று அவற்றை அணைத்தார்கள். விளக்கை அணைப்பதே மரியாதையாகும் அளவுக்கு அந்த இடத்தின் இயல்பில் விளக்கு கலந்துவிட்டிருந்தது. 2017இல் பழைய தனித்தனிப் பலகைகளை எடுத்துவிட்டு ஒரே பெரும் எல்இடி திரையை ஏற்றினார்கள். அங்கே இருட்டுதான் அந்நியம். ஸ்டாம்ஃபர்டின் கல் தெருவில் நிலைமை நேர் எதிர். ஜன்னல்களிலிருந்து கசியும் மஞ்சள் வெளிச்சமும் தெருவிளக்கும் நடுவிலுள்ள இருட்டும் சேர்ந்ததுதான் அந்த ஊரின் இரவு. ஒரே பலகை ஓரிடத்தில் பொருந்தி இன்னோரிடத்தில் பொருந்தாமல் போவது இதனால்தான். சட்டம் அழகைப் பற்றிப் பேசாமல் இயல்பைப் பற்றிப் பேசியது எனக்கு அதன் சிறந்த அம்சமாகத் தோன்றுகிறது.

நடைமுறையில் கவுன்சில்கள் இந்தக் கேள்வியை ஒவ்வொரு தெருவிடமும் கேட்பதில்லை. கடை முகப்பு வழிகாட்டி ஒன்றை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பட்டியல்: உள்ளிருந்து ஒளிரும் பெட்டி கூடாது, மேலிருந்து ஒளி விழும் விளக்குக்குப் பரிசீலனை உண்டு, பின்னொளி எழுத்து சில இடங்களில் சரி. இந்தப் பட்டியல் ஏன் உருவாயிற்று என்பது கடை முகப்பை அருகில் நின்று பார்த்தால் புரியும்.

பழைய ஆங்கிலக் கடை முகப்பு மரத்தால் செய்த ஒரு சட்டகம். இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிய சிறு தூண்கள். தூண்களின் உச்சியில் செதுக்கிய தாங்கிகள். அவற்றுக்கு நடுவே, ஜன்னலுக்கு மேலே, கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்த பட்டை ஒன்று ஓடும்; கடையின் பெயர் அதில் கையால் எழுதப்பட்டிருக்கும். அதன் மேலே மழைநீர் வழிய ஒரு விளிம்பு. பட்டை சாய்ந்திருப்பது தெருவில் நடப்பவர் அண்ணாந்து படிப்பதற்காக. ஒளிப்பெட்டி வந்தபோது இந்தப் பட்டையின் மேலேயே அதைத் திருகி முடுக்கினார்கள். அலுமினியச் சட்டம், உள்ளே குழல்விளக்கு வரிசை, முன்னால் அக்ரிலிக் தகடு. விளக்கை உள்ளே அடக்க ஆழம் வேண்டும். ஆகவே பெட்டி சுவரைவிட்டுத் துருத்தி நிற்கும். தாங்கிகள் மறையும், மேல் விளிம்பு மறையும், சில இடங்களில் மாடி ஜன்னலின் அடிப்பகுதியும் மறையும். பகலில் அது ஒரு பிளாஸ்டிக் பலகை; இரவில் கட்டடத்தை இரண்டாக வெட்டும் வெள்ளைக் கோடு. மேலே இருக்கும் செங்கல்லும் ஜன்னலும் அந்த வெளிச்சத்துக்கு மேல் கண்ணில் படவே படா.

அளவிலும் இதைப் பார்க்கலாம். பலகையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளக்கிறார்கள். பிரிட்டனின் ஒளியமைப்பு வல்லுநர் நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, 10 சதுர மீட்டருக்கு உட்பட்ட பலகைக்கு, இருண்ட இயற்கைப் பகுதியில் 100 என்றும், ஊர் மையங்களில் 600 என்றும் உச்ச வரம்பு சொன்னது. மனுக்களில் இந்த எண் ஒரு மந்திரம்போல எழுதப்படுகிறது. ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் விளைவு ஒன்றாகாது. 300 கேண்டெலா அளவில் எரியும் 3 சதுர மீட்டர் வெள்ளைப் பெட்டி தெருவின் மேல் மொத்தம் 900 கேண்டெலாவைக் கொட்டும். அதே 300 அளவில் எழுத்து மட்டும் எரிந்து, எழுத்துகளின் பரப்பு 0.4 சதுர மீட்டரானால், மொத்தம் 120தான். பின்புலத்தை இருட்டாக வை என்று சட்டம் நான்காம் வகுப்பிலேயே சொன்னதன் பொருள் இந்தக் கணக்கில் தெரிகிறது. எழுத்தைப் படிக்க வெளிச்சத்தைவிட எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையிலான வேறுபாடு முக்கியம். சுற்றிலும் இருண்ட தெருவில் சிறு வெளிச்சமே வெகுதூரம் எட்டும்.

வழிகாட்டிகளின் இந்தப் பட்டியல் பிழையும் செய்யும். மேலிருந்து வளைந்து இறங்கும் அன்னக்கழுத்து விளக்கு மரபானது என்ற நம்பிக்கையில் கேட்டவுடன் அனுமதித்தார்கள். விளைவு, சிறிய முகப்பு ஒன்றின் மேல் ஏழெட்டுப் பித்தளை விளக்குகள் வரிசையாகத் தொங்குகின்றன. பகலெல்லாம் கழுத்துகளே தெரிகின்றன. எழுத்து அவற்றின் பின்னே ஒளிந்துகொள்கிறது. இப்போது வழிகாட்டிகளே அதைக் கண்டித்து எழுதத் தொடங்கிவிட்டன. விளிம்புக்கு அடியில் கண்ணில் படாமல் பதித்த மெல்லிய எல்இடி பட்டை ஒன்று அதைவிடப் பல மடங்கு அடக்கமாக வேலை செய்யும். விளக்கின் வயதைப் பார்க்காமல் அது செய்கிற வேலையைப் பார்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

இதில் நம்மவர்களுக்கும் நேரடி அக்கறை உண்டு. லண்டனிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் மளிகைக் கடை, உணவகம், நகைக் கடை நடத்தும் தமிழர்கள், ஈழத்திலிருந்து போனவர்கள் பெரும்பாலும், நிறைய இருக்கிறார்கள். கடையை எடுத்தவுடன் முதல் வாரத்திலேயே போர்டு அடித்து மாட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எந்தப் புதுக் கடைக்காரருக்கும் இயல்பானது. வாடகை ஓடிக்கொண்டிருக்கும், பெயர் தெரியாமல் கடையைத் திறக்க முடியாது. போர்டு செய்பவர் ஒளிப்பெட்டியைக் காட்டுவார். பளிச்சென்று இருக்கிறதே என்று ஒத்துக்கொள்வோம். தெரு மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கிறது என்று கடைவாசலில் எழுதி வைத்திருப்பதில்லை. அதைக் கவுன்சிலின் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஒப்புதலில்லாமல் விளம்பரம் காட்டுவது இங்கிலாந்தில் குற்றவியல் குற்றம். வீட்டின் பின்னால் அனுமதியில்லாமல் ஓர் அறை கட்டினால் அது உடனே குற்றமாகாது. நோட்டீஸ் வந்து, அதையும் மீறினால்தான் குற்றம். பலகைக்கு அந்த இடைவெளி கிடையாது. மாட்டிய நாளிலிருந்தே குற்றம். அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். தீர்ப்புக்குப் பிறகும் இறக்காவிட்டால் நாளொன்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு சேரும். பலகை தொங்கும் இடத்தின் உரிமையாளரும், அங்கே இருப்பவரும், பலகை யாருடைய வியாபாரத்தைச் சொல்கிறதோ அவரும் சட்டத்தின் பார்வையில் அதைக் காட்டியவர்களே. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தன்னாலானதைச் செய்தேன் என்றோ நிரூபித்தால் தப்பலாம். செய்து மாட்டிய போர்டுக்காரர் பெயர் இந்த வரிசையில் முதலில் வருவதில்லை என்பதைக் கடைக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மனுப் போடுவது அவ்வளவு பெரிய சுமையல்ல. கடைக்குச் சொந்தமான பலகைக்கான கட்டணம் 2023 டிசம்பரில் 132 பவுண்டிலிருந்து 165 ஆக உயர்ந்தது. முகப்பின் வரைபடம் அளவுகளோடு வேண்டும், பக்கவாட்டு வெட்டுத்தோற்றம் வேண்டும், எழுத்தின் உயரமும் பொருளும் வண்ணமும் வேண்டும், விளக்கின் வகையும் பிரகாசமும் வேண்டும். எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டியது கவுன்சிலின் பொறுப்பு. மறுத்தால் எட்டு வாரத்துக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு மேல்முறையீடு செய்யலாம். வெட்டுத்தோற்றத்தைத் தவறாமல் கொடுப்பது என் ஆலோசனை. பலகை சுவரிலிருந்து எவ்வளவு துருத்தும் என்பதை முன்தோற்றம் காட்டாது. மறுப்புகளின் வேர் அடிக்கடி அந்தத் துருத்தலில்தான் இருக்கிறது.

எனக்குப் பொறுக்காதது, நேர்மையாக மனுப் போட்ட தரகர் மறுப்பு வாங்கும்போது, பக்கத்துக் கடையின் கண்ணாடிக்குள் மின்னும் எழுத்து நிம்மதியாக எரிவது. கட்டடத்தின் உள்ளே காட்டும் விளம்பரத்தைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. விளக்கில்லாமல், கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் இருந்தால் அது இந்த விதிகளுக்கே வெளியே. ஒளிர்ந்தாலோ, கண்ணாடியை ஒட்டி நின்றாலோ, பன்னிரண்டாம் வகுப்பு. அந்த வகுப்பு கேளாமலே ஒப்புதல் தருகிறது. மரபுப் பாதுகாப்புப் பகுதிக்கு அதில் விலக்கில்லை. கண்ணாடிக்குள் வைத்த பலகை சின்ன அட்டையாக இருந்த காலத்தில் இது நியாயம். இன்று கண்ணாடி முழுவதையும் நிறைக்கும் ஒளித்திரை மலிவாகக் கிடைக்கிறது. படம் ஓடுகிறது, நிறம் மாறுகிறது. ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தால் மனு, அந்தப் பக்கம் இருந்தால் மனுவே வேண்டாம் என்பதைத் தெருவில் நடப்பவரிடம் எப்படி விளக்குவது? அவர் கண்ணில் விழும் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான்.

கவுன்சிலின் கையில் ஒரே ஆயுதம் உண்டு. நிறுத்தல் நோட்டீஸ் அனுப்பலாம். ஆனால் அதற்குச் சுற்றுப்புற நயத்துக்குக் கணிசமான ஊறு நேர்ந்திருப்பதையோ, மக்களுக்கு ஆபத்து இருப்பதையோ காட்ட வேண்டும். மனுவை மறுப்பதற்கு வேண்டியதைவிட இது உயரமான படி; கடைக்காரர் மேல்முறையீடும் செய்யலாம். ஆளும் பணமும் குறைந்துபோன கவுன்சில்கள் இதில் இறங்கத் தயங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். மாடியில் குடியிருப்பவர் தூக்கம் கெடுகிறது என்றால் சுற்றுப்புறத் தூய்மை பற்றிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செயற்கை ஒளியைத் தொல்லையாகப் புகார் செய்யலாம். அது ஒரு வீட்டின் துன்பத்தைத் தீர்க்கும். தெருவின் தோற்றத்தைப் பற்றி அதற்கு வாயில்லை.

பழைய பலகைகளுக்கு இன்னொரு வழி. ஓர் இடத்தில் பத்தாண்டுகளாக ஒப்புதலின்றி விளம்பரம் காட்டியிருந்தால், பெரிதாக மாற்றாதவரை, அதற்குக் கேளாமலே ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. பழைய நியான் பலகைகள் சில இன்று தெருவின் செல்லப் பிள்ளைகளாகிவிட்டதால் இந்த விதியை முழுக்க வெறுக்க முடியவில்லை. கையால் வளைத்த கண்ணாடிக் குழாய்க்கு எல்இடியிடம் இல்லாத ஒரு மென்மை உண்டு. ஆனால் அதே விதியின் நிழலில் மங்கிக் கிழிந்த ஒளிப்பெட்டிகளும் பத்திரமாகத் தங்கிவிடுகின்றன.

இவ்வளவுக்கும் மேலாக நான் திருத்த விரும்புவது ஒரு பழக்கத்தை. மனுவோடு வரும் புகைப்படங்கள் பகலில் எடுத்தவை. அதிகாரி தெருவைப் பார்க்கப் போவது அலுவலக நேரத்தில். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் நாட்டில், ஒளிரும் பலகை பற்றிய முடிவை விளக்கு எரியாத வேளையில் எடுத்துவிட முடிகிறது. இருட்டிய பின் தெருவின் இரு பக்கத்தையும் எடுத்த படங்களை மனுவில் கட்டாயமாக்கினால் கடைக்காரருக்குக் கூடுதல் செலவு ஒன்றுமில்லை, கைப்பேசி போதும். அந்தப் படத்தில் பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குள் எரியும் எழுத்தும் விழும், தெருவிளக்கும் விழும், எந்த மாடி ஜன்னலில் ஆள் குடியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். கடை மூடியதும் பலகை அணைய வேண்டும் என்ற நிபந்தனையைப் பல கவுன்சில்கள் இப்போதே விதிக்கின்றன. இரவுப் படத்தைப் பார்த்தவர் அதை எந்த மணிக்கு விதிப்பது என்று அறிந்து விதிப்பார்.

தெருவை இருட்டிய பின் மறுபடி பார்ப்பதற்கான வாய்ப்பு சட்டத்திலேயே இருக்கிறது. வெளிப்படையாகக் கொடுத்த ஒப்புதலின் ஆயுள் பொதுவாக ஐந்து ஆண்டு. அது முடிந்தபின், கவுன்சில் வேறு சொல்லியிராவிட்டால், பலகை அப்படியே தொடரலாம் என்று பதினான்காம் வகுப்பு விட்டுவிடுகிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மரபுப் பாதுகாப்புப் பகுதிகளில் மட்டுமாவது அந்தத் தொடர்ச்சியை எடுத்துவிட்டு, ஐந்தாம் ஆண்டில் ஒரு மாலை, விளக்குகள் எல்லாம் எரியும் நேரத்தில், அதிகாரியும் கடைக்காரரும் அதே தெருவில் நின்று மறுபடி பார்க்கும்படி செய்யலாம். கண்ணாடிக்கு உள்ளே ஒளிர்பவற்றையும் அன்றே அதே கணக்கில் சேர்க்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு வரியும் பதினான்காம் வகுப்பில் ஒரு வரியும் மாறினால் போதும். இரண்டும் அமைச்சரின் கையெழுத்தில் மாறக்கூடிய விதிகள். அவற்றுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.